யூபிலி நிதி யாருக்கு?

(யூபிலி ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் பங்குமக்கள் முன் ஆற்றிய உரை)

யூபிலி ஆண்டின் நினைவாக ஏழை எளியோருக்கென்று நிலையான ஒரு நிதி திரட்டுவது எனப் பேரவை தீர்மானித்தவுடன், அதைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டும் என்று சுவாமி என்னைப் பணித்தார்கள். பணம் திரட்டும் வழிகளைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மன்றத்தில் பலர் இருக்கிறீர்கள். திரட்டிய பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில்தான் எனக்குச் சிறிது அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தில் பெரும்பகுதி, தவறு செய்து கற்றுக்கொண்டது.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து, பூசை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். ஒருவர் கல்லூரிக் கட்டணம் என்கிறார். ஒருவர் முதியோருக்கு மருந்து என்கிறார். அநாதையாக இறப்பவர்களை மரியாதையாக அடக்கம் செய்ய வேண்டும் என்று ஒரு பெரியவர் கண்ணீரோடு சொன்னார். வேறொருவர், நன்கொடையாளர் பெயர்களைப் பொன்னெழுத்தில் பொறித்துக் கோவில் வாசலில் ஒரு வளைவு கட்டலாமே என்றார். அந்த வளைவைத் தவிர மற்ற எல்லாமே நியாயமான தேவைகள்தாம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். நான் வங்கியில் காலம் தள்ளியவன். கணக்குப் பார்க்காமல் எனக்குப் பேச வராது. பத்து லட்ச ரூபாய் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலைத் தொடாமல் வைப்பில் போட்டு, நூற்றுக்கு ஏழு வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 70,000 ரூபாய். எட்டுத் தேவைகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 8,750 ரூபாய். இதில் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் முடியுமா? சிறுநீரகம் கெட்டவருக்கு ஒரு வருட மருந்து முடியுமா? எல்லாருக்கும் கொஞ்சம் என்று போனால் ஒருவருக்கும் போதாது. ஆகையால் எதற்குக் கொடுப்பது என்று பேசுகிற அதே மூச்சில், எதற்குக் கொடுப்பதில்லை என்றும் சொல்லத் துணிய வேண்டும். 'இல்லை' என்று சொல்வது நம்மில் யாருக்கும் பிடிப்பதில்லை. அதனால்தான் பெரும்பாலான நிதிகள் யார் முதலில் வந்து கேட்கிறாரோ அவருக்குக் கொடுத்துவிட்டு, அதையே நீதி என்று சொல்லிக்கொள்கின்றன.

நானும் அப்படிச் சொல்லிக்கொண்டவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உதவி நிதிக்குச் செயலாளராக இருந்தேன், பெயர் வேண்டாம். விண்ணப்பத் தாள் அச்சடித்து வைத்திருந்தோம். ரேஷன் அட்டை நகல், மதிப்பெண் பட்டியல், பெரியவர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் எல்லாம் இணைத்து ஜூன் 15-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வரிசைப்படி எடுத்துக்கொள்வோம். ஒளிவுமறைவு இல்லை, வேண்டியவர் வேண்டாதவர் இல்லை என்று எங்களுக்குப் பெருமை. மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு நாள் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தேன். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் கோவிலைச் சுற்றியுள்ள நான்கு தெருக்காரர்கள். ஏழைகள்தாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் விண்ணப்பம் எழுதித் தர ஒரு மாமாவோ, தட்டச்சுத் தெரிந்த ஓர் அக்காவோ இருந்த ஏழைகள். கால்வாய்க் கரையிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை.

அதே காலத்தில், ஜூலை மாதம், ஒரு தாய் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தேதி முடிந்துவிட்டது, கடிதமும் இல்லை. "அடுத்த வருஷம் முன்கூட்டியே வாம்மா" என்று சொல்லி அனுப்பினேன். குரலை உயர்த்தவில்லை, நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினேன். அடுத்த வருஷம் அவள் வரவில்லை. சில மாதங்கள் கழித்து மந்தைவெளியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டான். அந்தக் கடைக்குப் பிறகு நான் போகவில்லை. அவனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

இனி, இந்த ஊரில் நமக்கு முன்னே கொடுத்தவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்ப்போம். சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்காதவர் நம்மில் யாருமில்லை. அங்கே முதன்முதலில் பாலம் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர், நம் திருச்சபையைச் சேர்ந்தவர். பரங்கிமலைக்கு ஏறும் படிகளைக் கட்டியவரும் அவரே. 1726-இல் அந்தப் பாலத்துக்கு அவர் செலவிட்டது 30,000 வராகன் என்று சொல்வார்கள். அதைவிட எனக்கு வியப்பூட்டுவது, பாலத்தின் பராமரிப்புக்கென்று தனியே 1,500 வராகன் ஒதுக்கிவைத்தார் என்பதே. கட்டியதோடு கைகழுவவில்லை. திறப்பு விழாவுக்குப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. பத்து வருஷம் கழித்து ஒழுகப்போகும் கூரைக்கு இன்றே பணம் கொடுப்பவர்கள் அபூர்வம். இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் அந்தப் பாலத்தின்மேல் ஊர் நடந்தது. 1960-களில்தான் அதன் இடத்தில் இன்றைய மறைமலை அடிகள் பாலம் வந்தது. பாலத்தைக் கடந்தவர்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் யாரும் கேட்டதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; இதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொருவர் பச்சையப்ப முதலியார். 1794-இல் நாற்பது வயதில் இறந்தார். தம் செல்வத்தைக் கோவில் தருமங்களுக்கென்று உயில் எழுதி வைத்திருந்தார். உயில் வழக்கில் சிக்கி, சுமார் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றத்தில் கிடந்தது. கிடந்த பணம் வட்டியோடு ஏழு லட்ச ரூபாய்க்குமேல் பெருகிவிட்டது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்களின் முயற்சியால், தருமங்களுக்கு உரியதை ஒதுக்கியபின் எஞ்சிய தொகையைக் கல்விக்குப் பயன்படுத்த நீதிமன்றம் வழிவிட்டது. 1842-இல் பச்சையப்பன் பள்ளி தொடங்கிற்று. உயில் எழுதியபோது அவர் நினைத்தும் பாராத ஒன்று இன்று அவர் பெயரைச் சொல்கிறது. ஆனால் அந்தக் கல்லூரியிலும் 1947 வரை இந்து மாணவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. பணத்தின் நோக்கத்தை மாற்ற ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது; 'நம்மவர் யார்' என்பதை மாற்ற இன்னும் நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

இதே தொல்லையை அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து வங்கியாளர் பிரெடரிக் காஃப் என்பவரும் கண்டார். வங்கிகளில் பழைய அறக்கட்டளைகள் ஏராளமாகக் கிடந்தன. எழுதிவைத்தவர் இறந்துபோனார், எழுதிய நோக்கமும் இறந்துபோயிற்று, பணத்தை மட்டும் எவரும் தொட முடியாது. செயின்ட் லூயி நகரில் பிரையன் முல்லன்ஃபி என்னும் கத்தோலிக்கச் செல்வர், மேற்கே குடியேறப் புறப்பட்டு வழியில் தவிக்கும் ஏழைகளுக்கென்று சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதிவைத்து 1851-இல் இறந்தார். மாட்டுவண்டிக் கூட்டங்கள் நின்று ரயில் வந்தது. பணம் மட்டும் பிரயாணிகளுக்காகக் காத்திருந்தது. இறந்தவரின் கை உயிரோடிருப்பவர்களின் கையைக் கட்டிப்போடக் கூடாது என்பதற்காக, 1914-இல் காஃப் ஒரு நகரப் பொதுநிதியைத் தொடங்கினார். பலரும் அதில் பணம் போடலாம். எதற்குச் செலவிடுவது என்பதை அந்தந்தக் காலத்துக் குழு முடிவு செய்யும். குழுவில் வங்கி நியமித்தவர்கள் மட்டுமல்ல, மேயரும் நீதிபதிகளும் நியமித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் எடுத்த எடுப்பில் பணத்தை வாரி வழங்கிவிடவில்லை. நகரத்தில் நிவாரணம் யாருக்குப் போகிறது, பள்ளிக்கூடங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆய்வு நடத்தினார்கள். கேள்வி கேட்பதற்கே முதல் செலவு! இந்த மாதிரியான பொதுநிதி நம் நாட்டில் 1991-இல் பம்பாயில் அமைந்தது. அமெரிக்காவில் வாழும் நம் தமிழர்கள் 1974-லேயே தமிழ்நாடு அறக்கட்டளை என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். நம்முடையது இவற்றுக்கு முன் ஒரு கடுகு. இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்.

தொலைதூரம் போவானேன்? 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாந்தோம் கரையும் சீனிவாசபுரமும் பட்ட பாட்டை நாம் கண்ணால் கண்டோம். பிறகு உலகமே கொடுத்தது. என்ன கொடுத்தது? தமிழகக் கரையெங்கும் படகு படகாகக் கொடுத்தது. அலை கொண்டுபோனதைவிட அதிகமான கண்ணாடி நாரிழைப் படகுகள் கரைக்கு வந்து சேர்ந்தன. படகு கண்ணுக்குத் தெரியும். அதன் பக்கவாட்டில் கொடுத்தவர் பெயரை எழுதலாம். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்ற பெண்ணிடம் படகு இருந்ததில்லை. ஆகவே எதை இழந்தாள் என்ற பட்டியலில் அவள் பெயர் ஏறவில்லை. கூடை போயிற்று, கைமுதல் போயிற்று, கடன் மட்டும் நின்றது. கொடுத்தவர்களின் மனத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. கொடுப்பவரின் ஆசையே முன்னுரிமையாகிவிட்டால் இப்படித்தான் நடக்கும் என்று சொல்லவந்தேன்.

திருத்தூதர் பணிகளின் ஆறாம் அதிகாரத்தை நாம் ஆண்டுதோறும் கோவிலில் கேட்கிறோம். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. பன்னிருவரும் அந்த முணுமுணுப்பை அடக்கவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களையும் கவனித்திருக்கிறீர்களா? ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! யாருக்குப் பந்தியில் குறை இருந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். இதைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்டதில்லை. சுவாமி என்னை மன்னிக்க வேண்டும்.

1833-இல் பாரிஸ் நகரத்தில் பிரெடெரிக் ஓசானாம் என்னும் இருபது வயது மாணவர் நண்பர்களோடு சேர்ந்து வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோதும் இதுவே நடந்தது. ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்ற ஆர்வம் இருந்தது. எந்த ஏழையின் வீடு எந்தச் சந்தில் இருக்கிறது என்று தெரியாது. அந்தப் பேட்டையில் ஆண்டுக்கணக்காகப் பணிசெய்த ரோசலி ரெந்து என்னும் அருட்சகோதரியிடம் போனார்கள். அவர்தான் ரொட்டிச் சீட்டுகளைக் கையில் கொடுத்து, இன்ன வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பினார். இன்றும் அந்தச் சபையார் இருவர் இருவராக வீடு தேடிப் போகிறார்கள். கூட்டத்தில் இரகசியப் பை சுற்றிவரும்போது யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது. கொடுப்பவர் பெயர் மறைந்துவிட்டால், பெறுபவரைப் பற்றி அமைதியாகப் பேச முடிகிறது. என் அனுபவத்தில் இது மிகப்பெரிய வசதி.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரலாம்.

நம் பங்கின் ஏழைகள் எங்கே இருக்கிறார்கள்? நம் குடும்பப் பதிவேட்டைப் பார்த்தால் ஏழைக் குடும்பங்கள் முன்னைவிடக் குறைந்திருக்கின்றன. மகிழ்ச்சி என்று தோன்றும். உண்மையில் அவர்கள் வசதி பெற்றுவிடவில்லை, இடம் மாறிவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கு, பிறகு செம்மஞ்சேரிக்கு, 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு என்று ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அவற்றில் நம்மவர்களும் உண்டு. நம் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது. குடும்பப் பதிவேட்டில் இல்லை. அங்கிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வந்து, இதே மயிலாப்பூரில் இதே அடையாற்றில் நம் வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். நம் நிதி விதிகளின் முன்வரைவில் 'பங்கு எல்லைக்குள் வசிப்போர்' என்ற வாசகம் இருக்கிறது. யார் எழுதினார் என்று தேட வேண்டாம், எழுதியவன் நான்தான். பழைய பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. அந்த வாசகத்தை எடுத்துவிட வேண்டும் என்று இன்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

எல்லையை நீக்கினால் கூட்டம் பெருகும், நிதி தாங்காது என்று கேட்பீர்கள். நியாயம். அதனால்தான் தேவையைச் சுருக்க வேண்டும் என்கிறேன். ஆட்களைச் சுருக்க வேண்டாம். அரசு செய்யத் தொடங்கியதிலிருந்து நாம் கையை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாக்கத்திலிருந்து வேலைக்கு வரும் பெண்களுக்குப் பஸ் கட்டணம் கொடுக்கலாம் என்று ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தது; அந்தத் தேவை தீர்ந்தது. காலையில் பட்டினியாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி நம் சகோதரிகள் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! 2022-இல் அரசுப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கிற்று. நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில் அதை விரிவாக்கியபோது, தொடக்கவிழா நடந்ததே நம் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில்தான். அதற்கென்று யாராவது நிரந்தர வைப்பு எழுதிவைத்திருந்தால், அந்தப் பணம் இன்று முல்லன்ஃபியின் பிரயாணிகளைப்போலக் காத்திருக்கும். ஆகவே நம் விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முன்னுரிமைகளை மறுபடி எழுத வேண்டும். நன்கொடை கொடுப்பவர் தம் விருப்பத்தைச் சொல்லலாம். அந்த விருப்பம் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் கட்டுப்படுத்தும்.

எஞ்சுவது என்ன என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை அரசின் எந்தத் திட்டத்திலும் அடங்காத இடைவெளிகள்தாம். ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பையன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று வாரம் வேலைக்குப் போவான். பிறகு பள்ளிக்குத் திரும்பமாட்டான். அந்த மூன்று வார வீட்டுச் செலவை யார் கொடுப்பது? மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டால், எழும்ப முடியாத பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கீழே இறக்குவது யார்? தொகை சிறிது, நேரம் முக்கியம். ஜூன் 15 என்று தேதி வைத்தால் இதில் ஒன்றும் நடக்காது. என் யோசனை, ஆண்டு வட்டியில் பாதியை விண்ணப்பத் தாளே இல்லாமல், இருவர் போய்ப் பார்த்துவந்த சொல்லின்பேரில், ஒரு வாரத்துக்குள் கொடுப்பது. கணக்குத் தணிக்கையாளர் முகம் சுளிப்பார்; அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

குழுவில் ஏழு பேர். அதில் நால்வராவது கரையிலிருந்தோ, கண்ணகி நகரிலிருந்தோ, பெரும்பாக்கத்திலிருந்தோ வரவேண்டும். ஒருவராவது மீன் விற்பவராக இருக்க வேண்டும். கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்று வைத்தால் அவர்களால் வர முடியாது, ஞாயிறு பூசைக்குப் பின் வைக்க வேண்டும். கத்தோலிக்கருக்கு மட்டுமா என்று கேட்பவர்களுக்கு, உஸ்கானின் பாலத்தைச் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று. உதவி இல்லை என்று முடிவானால், அதைக் கடிதத்தில் எழுதி அனுப்பக் கூடாது. குழுவில் ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு அந்த வேலையை எனக்கே கொடுங்கள்.

நிதிக்குப் பணம் சேரும் முன்பே வீடுகளைப் பார்க்கத் தொடங்கலாம் என்று சுவாமி அனுமதி தந்திருக்கிறார்கள். பங்கு அலுவலகத்தில் உபதேசியாரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து, இங்கிருந்து பெயர்ந்து போன குடும்பங்களின் பெயர்களை அதில் எழுதிவருகிறோம். புது முகவரி தெரிந்தவர்கள் எதிரே எழுதுங்கள். உங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அம்மாவிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். முதல் பயணம் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், பெரும்பாக்கத்துக்கு. இருவர் இருவராகப் பிரிந்து போவோம். வருகிறவர்கள் மதிய உணவைக் கையோடு கட்டிக்கொண்டு வாருங்கள். அங்கே யார் வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள், இருப்பதைப் போட்டுவிடுவார்கள்.